எண்ணோடு விளையாடிய பள்ளியாசிரியர்

சென்ற தைத் திங்களில் ஒரு மாலை, பாகாலா சந்திப்பில் நண்பர் ஒருவரின் வரவு நோக்கி அமர்ந்திருந்தேன். காட்பாடியிலிருந்து சித்தூர் வழியாகத் திருப்பதிக்கு வரும் இருப்புப் பாதையில் போய்வரும் நம் மன்றத் தோழர்களுக்கு அந்த நிலையம் புதிதன்று. எதிரே நின்ற சரக்கு வண்டியின் பெட்டிகளில் நீண்ட எண்கள் எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் எடுத்து, ஒரு பழைய உறையின் முதுகில் கழித்தல் கணக்குப் போடத் தொடங்கினேன். பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியவர் என்னைச் சிறிது நேரம் உற்று நோக்கினார். பிறகு சற்றே தள்ளி அமர்ந்துகொண்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். இந்த விளையாட்டைக் கண்டுபிடித்த மனிதரிடமிருந்தும் வாழ்நாளில் பலர் அப்படித்தான் தள்ளி அமர்ந்தார்கள்.

அவர் பெயர் தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேகர். கணித மாணவர்கள் அவர் பெயரை ஓர் எண்ணின் பெயராக அறிவார்கள். மனிதராக அறிந்தவர்கள் குறைவு. அவர் பேராசிரியர் அல்லர். முனைவர் பட்டம் பெற்றவரும் அல்லர். நாசிக்கை அடுத்த தேவ்லாலியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன பள்ளிக்கூட வாத்தியார்.

மும்பைக்கு வடக்கே, கடலோரத்தில் தஹாணு என்றோர் ஊர் இருக்கிறது. அங்கே 1905 சனவரி 17-ல் கப்ரேகர் பிறந்தார். எட்டு வயதில் தாயை இழந்தார். தந்தை எழுத்தர் வேலை பார்த்தவர். சோதிடத்தில் ஈடுபாடு மிக்கவர். சோதிடம் பலிக்கிறதோ இல்லையோ, அதற்குக் கணக்குப் போட்டே ஆக வேண்டும். கோள்களின் நிலையைக் கூட்டியும் கழித்தும் பெருக்கியும் தந்தை ஓயாமல் கணக்கிடுவதைத் தாயற்ற சிறுவன் அருகிருந்து பார்த்தான். கோள்கள் அவன் மனத்தைப் பிடிக்கவில்லை. எண்கள் பிடித்துக்கொண்டன. தாணேயில் உயர்நிலைப் பள்ளியில் படித்த நாளில் குறுக்கு வழிக் கணக்குகளிலும் புதிர்களிலும் மணிக்கணக்காக மூழ்கிக் கிடந்தான் என்கிறது அவர்தம் வரலாறு.

1923-ல் புனே பெர்குசன் கல்லூரியில் சேர்ந்தார். 1927-ல் மாணவர்களின் சொந்த ஆராய்ச்சிக்கு அளிக்கப்படும் ராங்லர் பராஞ்சபே கணிதப் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1929-ல் அறிவியல் பட்டம் பெற்றார். அதற்குமேல் அவர் படிக்கவில்லை. மறு ஆண்டே தேவ்லாலியில் ஆசிரியராக அமர்ந்தார். 1962-ல் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். வெள்ளையர் காலத்தில் தேவ்லாலி படைவீரர் தங்கும் ஊர். தாயகம் திரும்பக் கப்பலை எதிர்நோக்கிக் கிடந்த வீரர்கள் சலிப்பால் சித்தம் தடுமாறுவதுண்டாம். அந்த ஊர்ப் பெயரே சிதைந்து, கிறுக்குப் பிடித்தவனைக் குறிக்கும் சொல்லாக ஆங்கிலத்தில் நுழைந்துவிட்டது. எண் பித்தர் ஒருவர் குடியிருக்க நல்ல ஊர்தான்!

இங்கே என் கதையைச் சிறிது சொல்வதை நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் சொந்த ஊர் போளூர்ப் பக்கம். என் ஒன்பதாம் வயதில் அப்பாவுக்குச் சித்தூரில் மாம்பழக்கூழ் ஆலை ஒன்றில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு வந்து சேர்ந்தோம். எனக்குத் தெலுங்கு ஒரு சொல்லும் தெரியாது. பள்ளிக்குப் போன முதல் வாரத்தில் ஆசிரியர் கரும்பலகையில் கணக்கொன்றை எழுதி, விடையை உரக்கச் சொன்னார்: மூடு. நான் உடனே என் நோட்டை மூடிவிட்டேன். தெலுங்கில் மூடு என்றால் மூன்று. வகுப்பு முழுவதும் சிரித்தது. அன்றிலிருந்து இரண்டு ஆண்டுகள் கணக்கு வகுப்பில் நான் வாய் திறக்கவில்லை. தமிழில் மனப்பாடமாயிருந்த வாய்ப்பாடு தெலுங்கில் நாக்கில் ஏறவில்லை. கணக்கு வராத பையன் என்று பெயர் வாங்கினேன். வராதது கணக்கா, மொழியா என்று பிரித்துப் பார்க்க அங்கே எவருக்கும் நேரம் இல்லை.

என்னை மீட்டது வீட்டுத் திண்ணை. ஆயா பல்லாங்குழி ஆடுவார். அண்டை வீட்டுப் பெண்கள் அதையே வாமன குண்டலு என்று சொல்லிக்கொண்டு வந்து உட்காருவார்கள். ஆயாவுக்குத் தெலுங்கு தெரியாது. அவர்களுக்குத் தமிழ் அரைகுறை. ஆனால் எந்தக் குழியில் எத்தனை புளியங்கொட்டை, எங்கிருந்து எடுத்தால் எங்கே போய் முடியும் என்பதில் இரு தரப்புக்கும் இம்மியும் ஐயம் வந்ததில்லை. அந்தத் திண்ணையில் அமர்ந்துதான் தெலுங்கில் எண்ணக் கற்றுக்கொண்டேன். இப்போது இயற்பியலில் முதுகலை படிக்கிறேன். கப்ரேகரின் வாழ்க்கையைப் படிக்க நேர்ந்தபோது அந்தத் திண்ணையே நினைவுக்கு வந்தது.

அவருடைய முதல் கண்டுபிடிப்புக்குப் பெயர் வந்த விதமே ஒரு வேடிக்கை. மும்பையிலிருந்து முப்பது மைல் தொலைவில் டோம்பிவிலி என்ற புகைவண்டி நிலையம் உள்ளது. அந்நாளில் அதை டெம்லோ என்றும் வழங்கினார்கள். அந்த நிலையத்தில் அவருக்கு ஒருவகை எண்களைப் பற்றிய எண்ணம் உதித்தது. அவற்றுக்கு டெம்லோ எண்கள் என்றே பெயர் வைத்துவிட்டார். 11-ஐ 11-ஆல் பெருக்கினால் 121. 111-ஐ அதனாலேயே பெருக்கினால் 12321. 1111-ஐப் பெருக்கினால் 1234321. ஒன்பது ஒன்றுகள் வரை இப்படியே ஏறி இறங்கும் படிக்கட்டாக விடை வந்துகொண்டிருக்கும். அந்த வகை எண்களில் எளியவை இவை.

பிறகு எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவரிடம் வந்து சேர்ந்தன. 45-ஐ 45-ஆல் பெருக்கினால் 2025. அதை நடுவே வெட்டி 20-ஐயும் 25-ஐயும் கூட்டினால் மீண்டும் 45. 55-ஐ எடுத்தால் 3025. முப்பதும் இருபத்தைந்தும் ஐம்பத்தைந்து. 703-ஐ எடுத்தால் 494209. 494-ஐயும் 209-ஐயும் கூட்டினால் 703. இவை இன்று கப்ரேகர் எண்கள் எனப்படுகின்றன. தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபடும் எண்ணுக்கு, மகிழ்ச்சி தருவது என்ற பொருளில் வடமொழியில் ஹர்ஷத் எண் என்று பெயரிட்டார். நம் இராமானுசனின் பெயரோடு ஒட்டிக்கொண்ட 1729-ஐ எடுத்துப் பாருங்கள். இலக்கங்களைக் கூட்டினால் 19. 19-ஐ 91-ஆல் பெருக்கினால் 1729. அதுவும் மகிழ்ச்சி தரும் எண்தான்.

எனக்கு மிகவும் பிடித்தவை அவருடைய தான்தோன்றி எண்கள். ஓர் எண்ணோடு அதன் இலக்கங்களையே கூட்டினால் அடுத்த எண் பிறக்கிறது. 21-இலிருந்து 24, 24-இலிருந்து 30, 30-இலிருந்து 33. தாய் பெற்ற பிள்ளை, பிள்ளை பெற்ற பேரன் என்று வரிசை போய்க்கொண்டே இருக்கும். ஆனால் 20-ஐப் பெற்ற எண் எது? எங்கே தேடினாலும் கிடையாது. 31, 42, 53, 64 ஆகியவற்றுக்கும் தாய் இல்லை. இவற்றைத் தம் ஊர்ப் பெயரால் தேவ்லாலி எண்கள் என்றும் அழைத்தார். சித்தூர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது மிக எளிது. காணிப்பாக்கத்துப் பிள்ளையாரைச் சுயம்பு என்று சொல்கிறோமே, அதைப் போன்ற எண் என்றால் உடனே புரிந்துகொள்கிறார்கள். எட்டு வயதில் தாயை இழந்தவர் தாயற்ற எண்களைத் தேடினார் என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. அது என் கற்பனை என்பதால் இத்துடன் விடுகிறேன்.

இனி, பாகாலாவில் நான் ஆடிய விளையாட்டு. நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கும் ஒரே இலக்கமாய் இருத்தல் ஆகாது. இலக்கங்களை இறங்கு வரிசையில் எழுதுங்கள். அதன்கீழ் ஏறு வரிசையில் எழுதுங்கள். பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். வந்த விடையை மறுபடியும் அப்படியே செய்யுங்கள். நம் திருவேங்கடவன் பல்கலைக்கழகம் நிறுவப்பட்ட ஆண்டு 1954. 9541-இல் 1459 போனால் 8082. 8820-இல் 0288 போனால் 8532. 8532-இல் 2358 போனால் 6174. இனி எத்தனை முறை செய்தாலும் 7641-இல் 1467 போக அதே 6174. எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிக்குள் அங்கேதான் வந்து நிற்கும். கப்ரேகர் பிறந்த 1905-க்கு ஏழு படிகளும் வேண்டியிருக்கின்றன: 9351, 8172, 7443, 3996, 6264, 4176, பிறகு 6174.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. நான்கு இலக்கங்களைப் பெரியது முதல் வரிசையாக வைத்துக் கழிக்கும்போது, விடை இரண்டே வேறுபாடுகளைப் பொறுத்தது: முதல் இலக்கத்துக்கும் கடைசி இலக்கத்துக்கும் உள்ள வேறுபாடு ஒன்று, நடு இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மற்றொன்று. முன்னதை 999-ஆலும் பின்னதை 90-ஆலும் பெருக்கிக் கூட்டினால் அதுவே விடை. அப்படி வரக்கூடிய விடைகள் மொத்தம் 54 தாம். ஆக, 9990 எண்களும் முதல் கழித்தலிலேயே 54 எண்களுக்குள் அடங்கிவிடுகின்றன. அந்த 54-ஐயும் ஒரு தாளில் எழுதி அம்புக்குறி இட்டால், எல்லா வழிகளும் 6174-இல் போய் முடிவதை ஒரு மாலைப் பொழுதில் யாரும் கண்டுவிடலாம்.

இந்தக் கண்டுபிடிப்பை 1949-ல் சென்னையில் கூடிய கணித மாநாட்டில் கப்ரேகர் அறிவித்தார். அதே ஆண்டில் நியூயார்க்கிலிருந்து வந்த ஸ்கிரிப்டா மாத்தமாட்டிகா என்னும் இதழிலும் வெளியிட்டார். கட்டுரைக்கு அவர் கொடுத்த தலைப்பு, ஒருவரே ஆடும் இன்னோர் ஆட்டம் என்ற பொருள்படுவது. ஆட்டம் என்று அவரே சொன்னது பலருக்கு வசதியாய்ப் போயிற்று.

கற்றோர் அவையில் அவருக்குக் கிடைத்த வரவேற்பு இனிமையானதன்று. மாநாடுகளுக்குத் தம் கைப்பணத்தில் வருவார். எளிய உடை. கையில் தம் செலவிலேயே அச்சிட்ட சிறு நூல்கள். அவர் சொல்வதைப் பல அறிஞர்கள் அற்பம் என்று ஒதுக்கினார்கள். பெரிய ஆராய்ச்சி இதழ்கள் அவர் பக்கம் திரும்பவில்லை. ஒதுக்கியவர்களிடமும் ஒரு நியாயம் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. இந்த விந்தைகள் பத்தை அடியாகக் கொண்டு நாம் எண்களை எழுதும் முறையால் விளைபவை. வேறு முறையில் எழுதினால் 6174-இன் சிறப்பு போய்விடும். இராமானுசனைக் கண்டெடுத்த ஹார்டியே, 1940-ல் எழுதிய தம் நூலில், 8712-உம் 9801-உம் தம்மைத் திருப்பி எழுதிய எண்களின் மடங்குகள் என்ற செய்தியை எடுத்துக்காட்டி, இவை புதிர்ப் பகுதிக்கு ஏற்றவையே தவிரக் கணித அறிஞனுக்கு வேலை தருபவை அல்ல என்று தள்ளிவிட்டார். ஹார்டி சொன்னது கணித ஆராய்ச்சிக்குச் சரி. நானும் இயற்பியல் மாணவன் என்ற முறையில், 6174 வேறெந்தப் பெரிய கதவைத் திறந்தது என்று கேட்டால் விழிப்பேன். ஆயினும் ஹார்டி ஐந்தாம் வகுப்புக்குக் கழித்தல் சொல்லிக் கொடுத்தவர் அல்லர். கப்ரேகர் வாழ்நாளெல்லாம் பள்ளிப் பிள்ளைகளோடு இருந்தவர்.

நானும் இரண்டு நண்பர்களும் திருப்பதியில் சனிக்கிழமை மாலைகளில் சிறுவர்களுக்குப் பாடம் சொல்கிறோம். கட்டட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியிருப்பவர்களின் பிள்ளைகள் சிலர், உள்ளூர்த் தெலுங்குப் பிள்ளைகள் சிலர். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகிவிட்டது. என் வீடு ஒரு மாவட்டத்தில், விடுதி ஒரு மாவட்டத்தில். ஆனால் கடன் வாங்கிக் கழித்தல் என்றால் இரு மாவட்டத்துப் பிள்ளைகளும் ஒன்றுபோல் நடுங்குகிறார்கள். பத்துக் கணக்குக் கொடுத்தால் மூன்றாவதிலேயே தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார்கள். அவர்களை இரு அணியாகப் பிரித்து, ஓர் அணி சொல்லும் எண்ணை மற்ற அணி 6174-க்குக் கொண்டுபோக வேண்டும், படிக்கு ஒரு புள்ளி என்று ஆட்டம் வைத்தோம். எதிரணிக்குக் குறைந்த புள்ளி கிடைக்கும் எண்ணாகத் தேடித் தேடிச் சொல்கிறார்கள். 2005-ஐச் சொன்ன அணி ஏழு புள்ளியைத் தாரை வார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டது. ஒரு மணி நேரத்தில் ஒரு பிள்ளை இருபது கழித்தல் போட்டிருக்கும். தண்ணீர் நினைவு எவருக்கும் வரவில்லை.

ஆனால் முதல் வாரம் நான் ஏமாந்தேன். எல்லாரும் 6174-ஐ அடைந்துவிட்டார்கள்; எல்லாரும் சரியாகச் செய்தார்கள் என்று மகிழ்ந்தேன். வீட்டுக்குப் போய்த் தாள்களைப் பார்த்தால் பாதியில் பிழை! பின்னர்தான் காரணம் விளங்கிற்று. நடுவில் தவறாகக் கழித்தாலும், தவறாக வந்த அந்த எண்ணும் 6174-க்கே வந்து சேரும். பிழை செய்த பிள்ளையையும் இந்த ஆட்டம் கைவிடுவதில்லை. வாய் திறக்க அஞ்சி இரண்டு ஆண்டு உட்கார்ந்திருந்த எனக்கு அந்தக் குணம் பெரிதாகப் பட்டது. இருந்தாலும் பிழை பிழைதானே? அதற்கும் ஆட்டத்துக்குள்ளேயே ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு விடையின் இலக்கங்களையும் கூட்டினால் 9-இன் மடங்கு வர வேண்டும். 8082-ஐக் கூட்டினால் 18. 8532-ஐக் கூட்டினாலும் 18. வராவிட்டால் எங்கோ கடன் வாங்க மறந்திருக்கிறது. இலக்கங்கள் இடம் மாறிய பிழையை மட்டும் இது காட்டிக் கொடுக்காது. மற்றவற்றைப் பெரும்பாலும் பிடித்துவிடும். அடுத்த வாரம் இதைச் சொல்லிக் கொடுத்தோம். இப்போது அவர்களே அடித்துத் திருத்திக்கொள்கிறார்கள். என்னிடம் தாளை நீட்டுவதில்லை.

இது வடக்கிலிருந்து வந்த புதுமை என்று எண்ண வேண்டா. காரி நாயனாரின் கணக்கதிகாரத்தில் பலாப்பழத்தை அறுக்காமலே சுளைகளின் எண்ணிக்கையைச் சொல்லும் கணக்கு இருக்கிறது. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் அதைச் செய்யுளாகப் பாடிப் பழகினார்கள். அண்மைக் காலத்தில் சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணக்காசிரியராயிருந்த பி. கே. சீனிவாசன், 2005-ல் மறையும்வரை கணக்கை விளையாட்டாகவும் செயலாகவும் கற்பிக்கப் பாடுபட்டார்; இராயபுரத்தில் இராமானுசன் பெயரால் அருங்காட்சியகமும் அமைத்தார். அவரைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

கப்ரேகர் 1962-ல் ஓய்வு பெற்றார். 1966-ல் மனைவி காலமானார். ஓய்வூதியம் வாழ்க்கைக்குப் போதவில்லை. நாசிக்கில் மாணவர்களுக்குக் கணக்கும் அறிவியலும் தனிப்பாடம் சொல்லி வயிறு வளர்த்தார். ஏழு படிகளில் முடியும் ஓர் எண்ணை உலகுக்குத் தந்தவர், அறுபது வயதுக்குமேல் வீடு வீடாகப் பாடம் சொல்லிப் பிழைக்க வேண்டியிருந்ததைப் படித்தபோது எனக்குச் சினம் வந்தது. எவர்மேல் சினம் கொள்வது என்றுதான் தெரியவில்லை.

1975 மார்ச்சில் நிலைமை மாறிற்று. அமெரிக்காவின் சயன்டிபிக் அமெரிக்கன் இதழில் மார்ட்டின் கார்ட்னர் திங்கள்தோறும் கணித விளையாட்டுகள் என்ற பகுதியை எழுதிவந்தார். அந்தத் திங்கள் கப்ரேகரையும் அவருடைய எண்களையும் பற்றி எழுதினார். அதன்பின் உலகெங்கும் அவர் பெயர் பரவிற்று. அவருடைய எண்களைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரைகள் வரத் தொடங்கின. அப்போது அவருக்கு வயது எழுபது. புகழ் வந்தது, செல்வம் வந்ததாகத் தெரியவில்லை. உள்ளூர்க் கல்வி நிலையங்கள் அழைத்தால் போய்த் தம் எண்களைக் காட்டிப் பேசுவது அவர் வழக்கம். 1986-ல் மறைந்தார்.

எங்கள் சனிக்கிழமை வகுப்பில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் இருக்கிறான். செய்யாற்றிலிருந்து வந்தவன். சென்ற வாரம் அவன், அண்ணா, இரண்டு இலக்கத்துக்கு இந்த ஆட்டம் ஏன் இல்லை என்று கேட்டான். செய்து பார் என்று விட்டுவிட்டேன். மூலையில் உட்கார்ந்து நெடுநேரம் போட்டான். 81, 63, 27, 45, 9, மறுபடியும் 81. இது நிற்கவே மாட்டேன் என்கிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று கத்தினான். முதலில் தமிழில் கத்தினான். பிறகு பக்கத்திலிருந்த பையனுக்காகத் தெலுங்கிலும் சொன்னான். மூன்று இலக்கத்துக்கு 495-இல் நிற்கும் என்பதை அவர்கள் இருவரும் சேர்ந்து அன்றே கண்டுவிட்டார்கள். ஐந்து இலக்கத்துக்கு அப்படி ஓர் எண் இல்லை. அதை நான் இன்னும் அவர்களிடம் சொல்லவில்லை. இந்தச் சனிக்கிழமை அதைத் தேடப் போகிறார்கள்.